சரக்கு போய்விட்டது, பணம் வரவில்லை: சாட்சிக் கூண்டுக்கு முன்னால் நான்கு வழிகள்

"ஒன்றரை வருஷமாச்சுங்க சார். இருபது லட்சம் நிக்குது. எந்தக் கோர்ட்ல போட்டா சீக்கிரம் வருமுங்க?"

கோவை, திருப்பூர் பக்கத்துப் பட்டறைக்காரர்களிடமிருந்து எனக்கு வரும் கேள்வி ஏறக்குறைய இதுதான். தொகை மாறும், சரக்கு மாறும், கேள்வி மாறாது. பதிலுக்கு நான் கேட்பதும் எப்போதும் ஒன்றுதான்: "வாங்கினவர் கடைசியா உங்களுக்கு எழுத்துல என்ன சொன்னார்?" கேட்பவருக்கு எரிச்சல் வரும். கோர்ட் பெயரைக் கேட்டால் இந்த வக்கீல் வாட்ஸ்அப்பைக் கேட்கிறாரே என்று.

அந்தக் கடைசி எழுத்து "அடுத்த மாசம் பாதி போட்டுடறேன்" என்றிருந்தால் ஒரு வழி. "உங்க லாட்ல பாதி ரிஜெக்ட், டெபிட் நோட் அனுப்பியிருக்கேன்" என்று, அதாவது சரக்கு சரியில்லை என்று தொகையைக் குறைத்துச் சீட்டு அனுப்பியிருந்தால், வேறு வழி. ஒன்றுமே எழுதாமல், போனையும் எடுக்காமல் இருந்தால் மூன்றாவது வழி. கீழே வரும் ஒப்பீட்டைப் படிக்கும்போது உங்கள் ஆள் இந்த மூவரில் யார் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வணிக நீதிமன்றங்கள் சட்டம் 2015-இல் வந்தபோது ஒரு கோடிக்கும் அதற்கு மேலும் உள்ள வழக்குகளுக்கு மட்டும்தான். 2018 திருத்தம் அந்த வரம்பை 3 லட்சமாக இறக்கியது. ஆகவே வியாபாரிகளுக்குள் சரக்கு, சேவை, ஒப்பந்தம் சம்பந்தமான நிலுவை 3 லட்சத்தைத் தொட்டால் அது வணிக வழக்கு. கைமாற்றாகக் கொடுத்த பணம் இதில் சேராது. இந்தச் சட்டம் அதிகமாகக் கைவைத்தது சாட்சி விசாரணைக்கு முந்தைய கட்டங்களில்தான். அதனால் இந்த ஒப்பீடும் அதுவரைக்கும்தான் போகிறது. பில் பண வழக்குகளில் யார் கை ஓங்கும் என்பது பெரும்பாலும் அதற்குள் தெரிந்துவிடும்.

## எதை வைத்து எடைபோடுவது

உதாரணத்துக்கு ஒரு கணக்கு: கோவையில் காஸ்டிங் செய்யும் ஒரு சிறு நிறுவனம், உத்யம் பதிவு (குறு, சிறு தொழிலுக்கான அரசுப் பதிவு) உண்டு, வாங்கியவர் வெளிமாநிலம், நிலுவை 20 லட்சம்.

முதலில் பார்க்க வேண்டியது கையில் இருக்கும் காகிதம்: பர்ச்சேஸ் ஆர்டர், பில், கையெழுத்தும் சீலும் உள்ள டெலிவரி சலான், நிலுவை சரி என்று வாங்கியவர் எழுதிக்கொடுத்த லெட்ஜர் உறுதிக் கடிதம். அடுத்தது, வழக்கைத் தொடங்கவே எவ்வளவு பணம் கட்ட வேண்டும் என்பது. மூன்றாவது, எதிராளி நழுவ எத்தனை வாசல் இருக்கிறது. நான்காவது, காலம். இதில் சட்டம் எழுதிவைத்த நாள் ஒன்று, நடப்பில் ஆகும் நாள் வேறு. ஐந்தாவது, அவரோடு மறுபடி வியாபாரம் செய்வீர்களா என்பது. இதைக் கேட்டால் "செத்தாலும் மாட்டேன்" என்பார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் அதே கம்பெனிக்கு லாரி போய்க்கொண்டிருக்கும்.

இவை எல்லாவற்றுக்கும் மேலே தொங்குவது மூன்று வருடக் காலவரையறை. அதைத் தாண்டினால் ஒப்பீடே தேவையில்லை.

## வழி 1: வழக்குக்கு முந்தைய சமரசம்

இதைப் பலர் ஒரு வழியாகவே எண்ணுவதில்லை, வழியில் இருக்கும் டோல்கேட்டாக எண்ணுகிறார்கள். காரணம் இருக்கிறது. சட்டத்தின் 12-ஏ பிரிவுப்படி, அவசர இடைக்கால நிவாரணம் கேட்காத எந்த வணிக வழக்கும் முதலில் சமரசத்துக்குப் போய்வந்தாக வேண்டும். பாட்டீல் ஆட்டோமேஷன் வழக்கில் 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இது கட்டாயம் என்றே சொல்லிவிட்டது. அந்த மாதம் 20-ஆம் தேதிக்குப் பிறகு இதைத் தாண்டிக் குதித்துப் போட்ட வழக்குரைகள் வாசலிலேயே நிராகரிக்கப்படும்.

நடைமுறை எளிது. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் படிவம் 1, கட்டணம் 1,000 ரூபாய். எதிராளிக்கு அறிவிப்பு போகும். அவர் பதில் சொல்லாவிட்டால், அல்லது மறுத்துவிட்டால், 'தொடங்கவில்லை' என்று ஓர் அறிக்கை தருவார்கள். அதை வைத்து வழக்குப் போடலாம். அவர் வந்து உட்கார்ந்தால் சமரசர் கட்டணம் உண்டு: 10 லட்சத்துக்கு மேல் 50 லட்சம் வரையான கோரிக்கைக்கு 30,000 ரூபாய், இருவரும் பாதிப் பாதி. மூன்று மாதம் அவகாசம், இருவரும் சம்மதித்தால் இன்னும் இரண்டு மாதம். இந்த நாட்கள் காலவரையறையில் கழிக்கப்படும்.

ஆக 20 லட்சத்துக்கு உங்கள் செலவு 16,000. இதே தொகைக்கு வழக்குப் போட்டால் தமிழ்நாட்டில் நீதிமன்றக் கட்டணம் 3 சதவீதம், அதாவது 60,000. 2017 வரை அது 7.5 சதவீதமாக இருந்தது. அந்தக் காலத்தில் ஒன்றரை லட்சம் கட்டியவர்கள் இன்னும் அதைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

கையெழுத்தான சமரசத்துக்கு நடுவர் தீர்ப்புக்குரிய அதே தகுதி உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை. அவர் சொன்னபடி கட்டாவிட்டால் புதிதாக வழக்கு வேண்டாம், நேரே நிறைவேற்று மனு போடலாம். "பேசி முடிச்சா என்ன உத்தரவாதம்?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். டீக்கடையில் பேசி முடிப்பதற்கும் இங்கே முடிப்பதற்கும் உள்ள வித்தியாசமும் அதுதான்.

மறைந்திருக்கும் செலவு காலம். மூன்று மாதம் என்பது, சொத்தை மனைவி பெயருக்கு மாற்ற நினைப்பவருக்குத் தாராளமான அவகாசம். அப்படி ஒரு சந்தேகத்துக்கு உறுதியான ஆதாரம் இருந்தால், தீர்ப்புக்கு முன் ஜப்தி கேட்டு நேரடியாக வழக்குப் போடலாம். ஆனால் சமரசத்தைத் தவிர்ப்பதற்காக மட்டும் அவசரம் என்று வேடம் போட்டால் எடுபடாது. யாமினி மனோகர் வழக்கில் 2023-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது அதுதான்: அவசரம் வழக்குரையிலும் ஆவணத்திலும் தெரிய வேண்டும்.

"ரிஜெக்ட்" என்று எழுதியவரோடு நான் முதலில் உட்காரச் சொல்வது இங்கேதான். 20 லட்சத்தில் மூன்று லட்சத்துக்குத் தகராறு என்றால் மீதி 17 லட்சத்தை இந்த மேசையிலேயே வாங்கப் பார்க்கலாம். பல வக்கீல்கள் 'தொடங்கவில்லை' அறிக்கை எப்போது வரும் என்று மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

## வழி 2: ஆர்டர் 37 சுருக்க வழக்கு

உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 37-ஆவது கட்டளை. கோர்ட் வராந்தாவில் 'ஆர்டர் 37' என்றால்தான் புரியும். உண்டியல் (வியாபாரிகளின் ஹுண்டிப் பத்திரம்), புரோநோட்டு, எழுத்து ஒப்பந்தத்தின்மேல் நிற்கும் குறிப்பிட்ட தொகை போன்றவற்றுக்கு மட்டும் இது பொருந்தும். இதில் வாதாட எதிராளிக்குத் தானாக உரிமை கிடையாது, அனுமதி கேட்டு வாங்க வேண்டும்.

அழைப்பாணை கிடைத்த 10 நாளில் அவர் ஆஜராக வேண்டும். ஆஜராகாவிட்டால் நீங்கள் சொன்னதெல்லாம் ஒப்புக்கொண்டதாகக் கொண்டு தீர்ப்பாணை கேட்கலாம். ஆஜரானால் நீங்கள் தீர்ப்புக்கான அழைப்பாணை அனுப்ப வேண்டும். அதற்குப் பின் 10 நாளில், எதிர்வாதம் செய்ய அனுமதி வேண்டும் என்று அவர் மனுப் போட வேண்டும். 2016-இல் ஹப்டவுன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அனுமதியைப் படிப்படியாகப் பிரித்துவைத்தது. வாதம் வலுவாக இருந்தால் நிபந்தனையில்லாத அனுமதி. விசாரிக்க வேண்டிய விஷயம் இருந்தும் நம்பகத்தில் சந்தேகம் என்றால் பணம் கட்டச் சொல்லி அனுமதி. வெறும் சாக்கு என்றால் அனுமதியே இல்லை. ஒரு பகுதியை அவர் ஒப்புக்கொண்டால் அந்தப் பகுதியைக் கட்டினால்தான் வாய்திறக்க முடியும். "12 லட்சம்தான் தரணும்" என்று எழுதியவருக்கு 12 லட்சம் கட்டிவிட்டுத்தான் பேச்சு.

கேட்க இனிப்பாகத்தான் இருக்கிறது. சிக்கல் காகிதத்தில் இருக்கிறது. வெறும் பில் 'எழுத்து ஒப்பந்தம்' ஆகுமா என்பதில் நீதிமன்றங்கள் ஒரே மாதிரி பேசியதில்லை. பர்ச்சேஸ் ஆர்டரும், கையெழுத்துள்ள சலானும், லெட்ஜர் உறுதிக் கடிதமும் சேர்ந்தால் தைரியமாகப் போகலாம். பர்ச்சேஸ் ஆர்டரில் இல்லாத 24 சதவீத வட்டியை வழக்குரையில் ஏற்றினால் உங்கள் சுருக்க வழக்கை நீங்களே நீட்டுகிறீர்கள்.

பெரிய பொறி இன்னொன்று. அனுமதி கிடைத்துவிட்டால் வழக்கு சாதாரண வழக்காக மாறும். ஆனால் ஆர்டர் 37-இல் தொடங்கிய வழக்கில், பின்னால் வழி 3-இல் சொல்லப்போகும் 13-ஏ சுருக்கத் தீர்ப்பைக் கேட்க முடியாது. அந்தக் கட்டளையே அப்படித்தான் சொல்கிறது. தொழிலுக்கு வந்த புதிதில் இதில் நான் கையைச் சுட்டுக்கொண்டேன். கோப்பின் அடியில் ஒரு டெபிட் நோட் கிடந்தது. கட்சிக்காரர் "அது ஒண்ணுமில்லீங்க" என்றார், நானும் நம்பினேன். எதிராளி அதையே தூக்கிக் காட்டி நிபந்தனையில்லாத அனுமதி வாங்கினார். அதற்குப் பிறகு குறுக்கு வழி எதுவும் மிச்சமில்லை, நேரே சாட்சிக் கூண்டுதான்.

இந்த வழிக்கும் 12-ஏ சமரசம் உண்டு என்பதை மறக்க வேண்டாம். "சுருக்க வழக்குத்தானே" என்று நேரே போனால் திரும்பி வர வேண்டியிருக்கும்.

## வழி 3: சாதாரண வணிக வழக்கு, 13-ஏ மனுவோடு

இதைக் கேட்டாலே "பத்து வருஷம் இழுக்கும்" என்பார்கள். அது பழைய உரிமையியல் வழக்குகளின் நினைவு. வணிக வழக்கின் முன்கட்டங்களுக்குத் தனி நாட்காட்டி உண்டு.

வழக்குரையோடு உங்களிடம் இருக்கும், வழக்கு சம்பந்தமான எல்லா ஆவணங்களையும் கொடுக்க வேண்டும், உங்களுக்கு எதிரானவை உட்பட. "ரிஜெக்ட்" என்று வந்த மெயிலை ஒளித்துவைக்க முடியாது. உண்மை உறுதிமொழியில் கையெழுத்துப் போடுவது நீங்கள், வக்கீல் அல்ல. வாட்ஸ்அப், மெயில் என்றால் சான்றிதழ் வேண்டும். 2024 ஜூலை முதல் பழைய சாட்சியச் சட்டத்தின் 65-பி போய் பாரதிய சாக்ஷ்ய சட்டத்தின் 63-ஆவது பிரிவு வந்திருக்கிறது.

எதிராளியின் எழுத்துப் பதிலான எதிர்வழக்குரைக்கு 30 நாள். கெஞ்சிக் கூத்தாடினாலும் 120 நாள் வரைதான். 121-ஆவது நாள் அந்த உரிமை போய்விடும், நீதிபதி நினைத்தாலும் தர முடியாது. எஸ்.சி.ஜி. கான்ட்ராக்ட்ஸ் வழக்கில் 2019-இல் இது உறுதியானது. பிறகு ஆவணப் பார்வைக்கு 30 நாள், ஆவணங்களை ஒப்புக்கொள்ளவோ மறுக்கவோ 15 நாள், அதிலிருந்து நான்கு வாரத்துக்குள் வழக்கு மேலாண்மைக் கூட்டம். அங்கே எழுவினாக்கள் (நீதிமன்றம் முடிவு செய்ய வேண்டிய கேள்விகள்) வகுக்கப்பட்டு, யார் எப்போது சாட்சி சொல்வது என்பதற்குத் தேதி குறிக்கப்படும். கூட்டிப் பாருங்கள்: அழைப்பாணை கிடைத்ததிலிருந்து 193 நாள், ஆறரை மாதம் என்று வைத்துக்கொள்ளலாம். இது காகிதக் கணக்கு. அழைப்பாணை சேர்வதற்கே இரண்டு வாய்தா போகும் ஊர் நம்முடையது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதற்கு நடுவில் இருக்கிறது 13-ஏ, வணிக வழக்குகளுக்காக உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் சேர்த்த கட்டளை. அழைப்பாணை சேர்ந்த பிறகு, எழுவினா வகுப்பதற்கு முன்னால் எப்போது வேண்டுமானாலும் சுருக்கத் தீர்ப்பு கேட்டு மனுப் போடலாம். எதிராளி ஜெயிக்க உண்மையான வாய்ப்பு எதுவும் இல்லை, வாய்மொழிச் சாட்சியம் கேட்டுத் தீர வேண்டிய வேறு காரணமும் இல்லை என்று காட்ட வேண்டும். அவருக்குப் பதில் சொல்ல 30 நாள் உண்டு. எழுத்து ஒப்பந்தம், குறிப்பிட்ட தொகை என்கிற ஆர்டர் 37-இன் கட்டுப்பாடுகள் இங்கே இல்லை. மனுவை முழுதாக ஏற்காவிட்டாலும், பணத்தைக் கட்டிவிட்டு வழக்கை நடத்து என்று நிபந்தனை உத்தரவு போடும் அதிகாரமும் நீதிமன்றத்துக்கு உண்டு.

என் கணிப்பில் நம் ஊர்களில் குறைவாகப் பயன்படும் நல்ல கருவி இதுதான். எதிர்வழக்குரை வந்த பிறகு மனுவைப் போட்டால், எதிராளி என்ன சொல்கிறார் என்பதைப் பார்த்துவிட்டே அடிக்கலாம். ஆர்டர் 37-இல் அந்த வசதி இல்லை.

செலவுகள்: 60,000 நீதிமன்றக் கட்டணம், வக்கீல் கட்டணம், ஆவணங்களை ஒழுங்குபடுத்தும் வேலை. கடைசியாகச் சொன்னதைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். உங்கள் அக்கவுன்டன்ட் இரண்டு வாரம் வேறு வேலை பார்க்க முடியாது. வழக்குரையோடு கொடுக்காத ஆவணத்தைப் பின்னால் நீட்டினால் தகுந்த காரணம் காட்ட வேண்டும். இடையில் பேசி முடித்தால் நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். கோர்ட்டுக்கு வெளியே முடித்துக்கொண்டாலும் கிடைக்கும் என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, அதுவும் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன வழக்கில்.

## வழி 4: குறு, சிறு தொழில் கவுன்சில்

இது நீதிமன்றமே அல்ல, குறு, சிறு நிறுவனங்களின் நிலுவைத் தகராறுகளுக்காக அரசு அமைத்த மன்றம். ஆகவே 12-ஏ இல்லை, 3 சதவீதமும் இல்லை. 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டத்தின் 18-ஆவது பிரிவின்படி மனு. இணையதளம் வழியாகவே போடலாம். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, திருச்சியில் கவுன்சில்கள் இருக்கின்றன.

இரண்டு ஆயுதங்கள் வேறெங்கும் கிடைக்காதவை. ஒன்று வட்டி. சட்டம் தரும் அவகாசத்துக்குள் (அதிகபட்சம் 45 நாள்) தராத தொகைக்கு, ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டுவட்டி. விகிதம் 6 என்று வைத்தால் 18 சதவீதம். 20 லட்சம் இரண்டு வருடத்தில் 28.59 லட்சம் ஆகிவிடும். இன்னொன்று இடம். வாங்கியவர் இந்தியாவில் எங்கே இருந்தாலும் உங்கள் ஊர் கவுன்சிலுக்கு அதிகாரம் உண்டு. வெளிமாநிலக் கம்பெனிக்கு எதிராக வழக்கை எங்கே போடுவது என்ற முதல் சண்டையே இங்கே கிடையாது. ஒப்பந்தத்தில் தனியாக நடுவர் விதி இருந்தாலும் கவுன்சில்தான் மேலோங்கும் என்பது 2022-இல் மகாகாளி ஃபுட்ஸ் வழக்கில் முடிவானது. எதிராக வந்த உத்தரவை வாங்கியவர் உடைக்கப் போனால் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும்.

இனி கசப்பு. குறு, சிறு நிறுவனங்களுக்கு மட்டும்தான், நடுத்தரத்துக்கு இல்லை. வாங்கி விற்கும் வியாபாரிக்கு உத்யம் பதிவு இருந்தாலும் தாமதப் பணப் பாதுகாப்பு கிடையாது, அவர்கள் பதிவு கடன் முன்னுரிமைக்கு மட்டும். சரக்கு அனுப்பிய பிறகு பதிவு செய்தால் பழைய பில்லுக்குச் செல்லாது என்று 2021-இல் சில்பி இண்டஸ்ட்ரீஸ் வழக்கு சொன்னது. அதே வழக்கில்தான் வாங்கியவர் எதிர்க்கோரிக்கை வைக்கலாம் என்றும் சொன்னார்கள்.

சட்டத்தில் 90 நாள் என்றிருக்கிறது. அதை நம்பிக் கல்யாணத் தேதி குறிக்காதீர்கள். இன்னொரு ஆபத்து, இணக்கப் பேச்சு முறிந்த பிறகு முறையான நடுவர் விசாரணை நடத்தாமல் கவுன்சில் நேரே உத்தரவு போட்டுவிடுவது. அப்படிப்பட்ட உத்தரவைச் செல்லாது என்று 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளியது. அவசரப்பட்டு வாங்கிய உத்தரவு இரண்டு வருடம் கழித்து உங்களையே கடிக்கும். பேச்சு முறிந்ததைப் பதிவு செய்யச் சொல்லுங்கள், கோரிக்கை மனு, பதில், ஆதாரம் என்று முறைப்படி போகச் சொல்லுங்கள்.

## ஒரே பார்வையில்

| | சமரசம் | ஆர்டர் 37 | வழக்கு + 13-ஏ | கவுன்சில் |
|---|---|---|---|---|
| தொடங்கச் செலவு (20 லட்சத்துக்கு) | 1,000. உட்கார்ந்தால் 15,000 | 60,000 + வக்கீல் | 60,000 + வக்கீல் | நீதிமன்றக் கட்டணம் இல்லை |
| தேவையான காகிதம் | எதுவானாலும் பேசலாம் | எழுத்து ஒப்பந்தம், சுத்தமாக | எல்லா ஆவணமும், பாதகமானதும் | உத்யம் பதிவு, பில், சலான் |
| எழுத்தில் உள்ள காலம் | 3 + 2 மாதம் | 10 நாள், 10 நாள் | மேலாண்மைக் கூட்டம் வரை 193 நாள் | 90 நாள் |
| எதிராளி நழுவும் வாசல் | வராமலே இருப்பது | எதிர்வாத அனுமதி | தரக் குறைபாடு என்ற வாதம் | பதிவுத் தேதி, எதிர்க்கோரிக்கை |
| வட்டி | பேசியபடி | ஒப்பந்தத்தில் உள்ளது | ஒப்பந்தப்படி, அல்லது நீதிமன்றம் தருவது | மூன்று மடங்கு, மாதக் கூட்டுவட்டி |

செக் வாங்கியிருந்து அது திரும்பியிருந்தால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆவது பிரிவு வழக்கு தனியாகப் போகட்டும், மேலே சொன்ன எதையும் அது தடுக்காது. திரும்பிய தகவல் வந்து 30 நாளில் நோட்டீஸ், 15 நாள் அவகாசம், அதன் பின் ஒரு மாதத்துக்குள் புகார். நோட்டீஸ் நாளைத் தவறவிட்டால் புகார் நிற்காது. திவால் சட்டத்தின்படி கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம் போகிறேன் என்பவர்களுக்கு: 2020 மார்ச் முதல் வரம்பு ஒரு கோடி. உங்கள் கோரிக்கை நோட்டீஸுக்கு முன்பே தகராறு இருந்ததாக அவர் ஒரு மெயில் காட்டினால் மனு விழுந்துவிடும். நம் 20 லட்சத்துக்கு அந்தப் பேச்சே இல்லை.

## உங்கள் ஆள் எந்த வகை

"அடுத்த மாசம் போடறேன்" என்று எழுதியவர் கடனை ஒப்புக்கொண்டவர். காலவரையறை முடிவதற்குள் கையெழுத்தோடு அப்படி எழுதியிருந்தால் மூன்று வருடம் அங்கிருந்து புதிதாக ஓடும். பர்ச்சேஸ் ஆர்டரும் சேர்ந்தால் ஆர்டர் 37. அது கொஞ்சம் கந்தல் என்றால் 13-ஏ.

"ரிஜெக்ட்" என்றவருக்கு ஆர்டர் 37 வேண்டவே வேண்டாம். சமரச மேசையில் உண்மையாக உட்காருங்கள். முடியாவிட்டால் சாதாரண வழக்கு.

ஒன்றும் எழுதாதவருக்கு, நீங்கள் தயாரிப்பாளர், பதிவு சரக்குக்கு முன்பே இருக்கிறது என்றால் கவுன்சில். பதிவு இல்லாதவர் அல்லது வியாபாரி என்றால் 13-ஏ. நோட்டீஸில் ஒரு வரி சேர்க்கலாம்: குறு, சிறு தயாரிப்பாளருக்குச் சட்டம் தரும் அவகாசத்துக்குள் தராத தொகையை, அதைக் கொடுக்கும் வருடம் வரை வருமான வரியில் செலவாகக் காட்ட முடியாது. வக்கீல் நோட்டீஸைக் குப்பையில் போடும் முதலாளிகூட ஆடிட்டர் சொன்னால் நின்று கேட்பார்.

"அப்ப இன்னிக்கு நான் என்னங்க பண்ணட்டும்?" என்று கடைசியில் கேட்பார்கள். இன்றைக்கு லெட்ஜரை மெயிலில் அனுப்பி, நிலுவை சரிதானா என்று ஒரு வரி கேளுங்கள். தொகை, தேதி, பில் எண்கள் இருக்கட்டும், திட்டு இருக்க வேண்டாம். ஏழு நாள் பொறுங்கள். சரி என்று பதில் வரலாம், ரிஜெக்ட் என்று வரலாம், வராமலும் போகலாம். எட்டாம் நாள் அந்த மெயிலோடு வாருங்கள், எந்தக் கோர்ட் என்று சொல்கிறேன்.